நாலு விரல் மீதி

நைட்ரஜன் லிஃப்டில் போகும். அவள் படியில் போவாள்.

அது விதி. லிஃப்ட் நடுவில் நின்று குடுவை கசிந்தால் உள்ளே இருப்பவருக்கு மூச்சுவிடக் காற்று இருக்காது. அதனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு, சக்கரம் வைத்த குடுவையைத் தரைத்தளத்தில் லிஃப்டுக்குள் தள்ளி, 'ஆள் ஏறக் கூடாது' என்ற அட்டையை அதன் கழுத்தில் மாட்டி, ஐந்தாம் மாடிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவாள். பிறகு படியேறுவாள். இருபத்தேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது லிஃப்ட் வருவதற்கு முன்பே மேலே போய் நிற்பாள். இப்போது ஐம்பத்தொன்று. குடுவை மேலே வந்து அவளுக்காகக் காத்திருக்கிறது.

மொட்டைமாடியில் ஒற்றை அறை. அதன் கூரையில் ஒரு சதுரத் துளை. துளையை வெள்ளைத் தெர்மோகோல் பலகை அடைத்திருக்கும். அதற்கு நேர்கீழே மேஜைமேல் கருவி. அந்த வான் ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அதைப் 'பெட்டி' என்றுதான் சொல்வார்கள். வானத்தின் மேலடுக்கில் இருக்கும் நீராவி மிக மெலிதாக ஒரு வானொலி இரைச்சல் போடுகிறது. பெட்டி இரவும் பகலும் அதைக் கேட்கிறது. இரைச்சல் எவ்வளவோ ஈரம் அவ்வளவு. ஆனால் பெட்டிக்குத் தன் காதின்மேல் நம்பிக்கை கிடையாது. வாரம் ஒருமுறை அதற்கு இரண்டு கருப்பு ஸ்பாஞ்சுகளைக் காட்ட வேண்டும். ஒன்று அறைச் சூட்டில் சும்மா இருப்பது. இன்னொன்று தெர்மோகோல் தொட்டியில், திரவ நைட்ரஜனில் ஊறுவது. சூடு இது, குளிர் இது. நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில். அந்த ஓர் எண்ணை நம்பித்தான் பெட்டி மற்ற எல்லாவற்றையும் அளக்கிறது.

ஊற்றும்போது தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் புகை வழிந்து, தரையில் படர்ந்து, கதவைத் தாண்டி மாடியெங்கும் ஓடும். எதிர்க் கட்டடத்தில் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்த பெயர் 'புகையக்கா'. பெயர் தெருவைத் தாண்டி நிலையத்துக்குள்ளும் வந்துவிட்டது. வீட்டில் கணவர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். இருவருக்கும் கோபம் அடிக்கடி வரும், நிற்காது.

இருபத்துநாலு வருடத்தில் அவள் ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவிட்டதில்லை. கல்யாணம் ஒரு புதன்கிழமை நடந்தது. மகன் வியாழக்கிழமை பிறந்தான். செவ்வாய் முழுக்க வலி இருந்தது, அவள் ஊற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதை அவள் பெருமையாகச் சொல்வதில்லை. அவர்தான் சொல்வார். "எங்க வீட்டுல பிரசவம்கூட நைட்ரஜனைக் கேட்டுட்டுத்தான்."

அந்த வருடம் கோடைக்கு முன்னால் தலைமையகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தாள். முப்பது வயதிருக்கும். கொண்டையில் பென்சில் குத்தியிருப்பாள், பிறகு அதையே மேஜையில் தேடுவாள். வந்த மூன்றாம் நாள், இருபத்துநாலு வருடக் கணக்கையும் ஒரே நீளத் தாளில் அச்சடித்து நடைபாதையில் விரித்தாள். தாள் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுவரை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து காட்டினாள்.

"இங்க வாங்கக்கா. சூரியன் பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை துள்ளும், அப்புறம் அடங்கும். இது நீங்க சேர்ந்து நாலாவது வருஷம். துள்ளின வருஷம். மேல தண்ணி நூத்துக்கு ஆறு இறங்கியிருக்கு."

"வெயில்ல துணி காயற மாதிரியா?"

"காயல, உடையுது. சூரியன்லேர்ந்து ஒரு புற ஊதா ஒளி வருது. அது நம்மகிட்ட வரவே வராது, மேலயே தீர்ந்துடும். தீர்றதுக்குள்ள தண்ணியோட மூலக்கூறை அடிச்சு உடைச்சுடும். சூரியன் துள்ளினா நிறைய உடையும். அடங்கினா ஈரம் மறுபடி சேரும். நம்மள மாதிரி ரொம்ப வடக்க இருக்கற ஊர்ல, கோடையில அந்த உயரத்துல பயங்கரக் குளிர். சேர்ந்த ஈரம் உறைஞ்சு மேகமாகும்."

"எண்பது கிலோமீட்டர்ல."

"ஆமா. சூரியன் இறங்கின பிறகும் அதுமேல வெளிச்சம் படும். வெள்ளியை இழுத்து விட்ட மாதிரி இருக்கும். பார்த்திருக்கீங்களா?"

"நான் பகல் வேலைக்காரி. எனக்கு வானம்னா இந்தப் பலகைதான்."

ஆய்வாளர் சிரித்தாள். தாளின் மேல் இன்னும் பத்தடி நடந்தாள். "இது பதினஞ்சாவது வருஷம். ரெண்டாவது துள்ளல். கொஞ்சம் சின்னத் துள்ளல், அதையும் கணக்குல சரிபண்ணியாச்சு. தண்ணி எவ்வளவு இறங்கணும்? ஆறு. எவ்வளவு இறங்கியிருக்கு? ரெண்டு."

"ஏன்?"

"அதானே விஷயம்! மீத்தேன் அதிகமாகுது, அது மேல போய்த் தண்ணியா மாறுது. சூரியன் உடைக்க உடைக்க இது நிரப்புது. சூரியனோட பிடி தளருதுக்கா. மூணு வாரத்துல மாநாட்டுல பேசப் போறேன்." நின்று, தாளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். "இது எல்லாம் உங்க செவ்வாய்க்கிழமைதான். நீங்க இல்லேன்னா இந்தக் கோடே இல்ல."

அன்று மாலை அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். பேருந்தில் ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வாயு லாரி வந்தது. பின்முற்றத்தில் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது; லாரி வாராவாரம் வந்து அதை நிரப்பும், அவள் அதிலிருந்து குடுவையில் பிடித்துக்கொள்வாள். ஓட்டுநர் புதியவர். அதற்குமுன் பத்து வருடம் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் கொண்டுபோனவர்.

"அந்த ரூட்டே வேணாம்னு வந்துட்டேன்க்கா. யாரும் பேச மாட்டாங்க. இங்க நீங்க ஒருத்தராவது பேசறீங்க."

அவள் பேசினாள். இந்தத் தொட்டி வந்து ஆறு வருடம்தான் ஆகிறது என்றாள். "அதுக்கு முன்னால எட்டு வருஷம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் லாரி. ஒரு குடுவையை வெச்சு ரெண்டு செவ்வாய்க்கிழமையை ஓட்டணும். மேல தொட்டியில மிஞ்சறதைத் திருப்பிக் குடுவையிலயே ஊத்திடுவேன். ஒரு சொட்டு வீணாக்கினதில்ல. ரெண்டாவது வாரம் பார்த்தா மிச்சம் லேசா நீலமா இருக்கும். அவ்வளவு அழகா இருக்கும்."

குழாயைத் திருகிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "நீலமாவா?"

"லேசா."

"அக்கா, நைட்ரஜனுக்கு நிறமே கிடையாது. நீலம்னா ஆக்சிஜன். திறந்து வெச்சா காத்துல இருக்கற ஆக்சிஜன் உள்ள இறங்கும். நைட்ரஜன் ஆவியாப் போயிடும், இது போகாம தங்கிடும். தீப்பொறி கீப்பொறி பட்டிருந்தா அவ்வளவுதான். நீங்க முழுசா நிக்கறதே பெரிசு."

"தங்கினா வேற என்ன ஆகும்?"

"வேற ஒண்ணும் இல்ல. குளிர் கொஞ்சம் குறையும். சுத்தமா ஆக்சிஜனாவே ஆயிடுச்சுன்னா பதிமூணு டிகிரி குறையும். அவ்வளவுதான்."

லாரி போய்விட்டது. அவள் குடுவையை நிரப்பி, லிஃப்டில் தள்ளி, அட்டையை மாட்டினாள். படியேறும்போது மூன்றாம் மாடியில் நின்றுவிட்டாள். முட்டி வலியால் அல்ல.

எட்டு வருடம். சேர்ந்த பதினோராம் வருடத்திலிருந்து பதினெட்டாம் வருடம்வரை. இரண்டாவது துள்ளல் பதினைந்தாம் வருடம். நடைபாதையில் விரித்த தாளில் அந்த இடம் அவளுக்குக் கண்முன் தெரிந்தது. பெட்டியிடம் ஒரு ஸ்பாஞ்சைக் காட்டி, இதுதான் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று எட்டு வருடம் பொய் சொல்லியிருக்கிறாள். குளிர் குறைவாக இருந்ததை முழுக்குளிர் என்று நம்பிய பெட்டி, மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கும். தண்ணீரையும்.

மேலே குடுவை காத்திருந்தது. ஊற்றினாள். வேறு என்ன செய்வது, செவ்வாய்க்கிழமை.

வீட்டில் அவர் வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலைமுறை முடிந்து வந்தால் அரை மணி நேரம் அப்படித்தான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடியும்வரை வாளித் தண்ணீர் அசையவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்கு."

"லாரிக்காரருக்கு?"

"அவருக்கு இது என்னன்னே தெரியாது."

"அப்போ நீ சொல்லலேன்னா அந்தப் பொண்ணு மாநாட்டுல பேசிடும். கை தட்டுவாங்க."

"ஆமா."

"சொன்னா?"

"எட்டு வருஷத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க. நடுவுல எட்டு வருஷம் இல்லேன்னா சூரியனோட ரெண்டு சுத்து இல்ல. ரெண்டு சுத்து இல்லேன்னா இந்த நிலையம் எதுக்குன்னு கேப்பாங்க. ஏற்கனவே கேட்டுட்டுத்தான் இருக்காங்க."

அவர் காலை எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு விரலிடுக்காக. "என் வண்டியில மீட்டர் தப்பாக் காட்டினா, போன தூரம் போனதுதான். ஆனா எவ்வளவு தூரம் போனேன்னு நான் யாருக்கும் சொல்ல முடியாது."

"அதனால?"

"அதனாலன்னு ஒண்ணும் இல்ல. எனக்குத் தோணினதைச் சொன்னேன். இந்தக் கதையை என்கிட்ட எதுக்குச் சொல்றே, நான் என்ன மாநாட்டுலயா பேசப் போறேன்? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. வெங்காயம் போதும், ஊருக்கே நறுக்கற மாதிரி நறுக்கிட்டிருக்கே."

மறுநாள் காலை அவள் ஆய்வாளரின் அறைக்குள் நுழைந்து, உட்காராமலே சொன்னாள். ஆய்வாளர் முதலில் தலையசைத்துக்கொண்டே கேட்டாள். 'திருப்பி ஊத்திடுவேன்' என்ற இடத்தில் தலை நின்றது.

"எத்தனை வருஷம்?"

"எட்டு."

"ஒவ்வொரு வாரமும்?"

"ஒவ்வொரு வாரமும்."

"கையேட்டுல..."

"கையேட்டுல 'நிரப்பவும்'னுதான் போட்டிருக்கு. எதை வெச்சு நிரப்பணும்னு இல்ல."

ஆய்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிரே பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. ஏழாம் வாய்ப்பாடு முடிந்ததும் ஆய்வாளர் திரும்பினாள்.

"உங்க மேல கோவம் வருதுக்கா. வரக் கூடாது, ஆனா வருது."

"வரட்டும்."

"பேச்சை வாபஸ் வாங்கணும். எட்டு வருஷத்தை நீக்கிடச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதணும். அப்படி எழுதினா அவங்க கதவைச் சாத்திடுவாங்க. ரெண்டு வருஷத்துல அடுத்த துள்ளல் வருது. அதைப் பார்க்க இங்க பெட்டி இருக்காது." கொண்டையில் பென்சிலைத் தேடினாள், இல்லை. "எவ்வளவு திருப்பி ஊத்தினீங்கன்னு தெரிஞ்சாலாவது ஏதாவது செய்யலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு செவ்வாய்க்கிழமை எவ்வளவு மிஞ்சுச்சுன்னு கடவுளுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

நிலையத்துப் படிவத்தில் ஒரே கட்டம்தான்: நிரப்பியாயிற்று, ஆகவில்லை. ஆனால் அவளிடம் தனி நோட்டு இருந்தது. லாரி வரும்வரை தாங்குமா என்று பார்ப்பதற்காக அவளே வைத்துக்கொண்டது. கருவிகள் அறை அலமாரியில், பழைய கயிற்றுச் சுருளுக்கு அடியில், மூன்று நோட்டுகள். ஒவ்வொரு வாரமும் ஒரு வரி. *மீதி 4 வி. ஊ. மீதி 3½ வி. ஊ.* நீலமாக இருந்தால் பக்கத்தில் ஒரு சின்னப் பூ வரைந்திருந்தாள். எட்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள்.

"'ஊ'ன்னா?"

"ஊத்தியாச்சு."

"'வி'?"

"விரல்."

ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "விரல்."

"மேல தொட்டிக்குள்ள ஒரு குச்சியை விடுவேன். எடுத்தா நைட்ரஜன் இருந்த உயரம்வரைக்கும் வெள்ளையா உறைபனி பூத்திருக்கும். அது எத்தனை விரல் உயரம்னு பார்ப்பேன். குச்சியில கோடு போடலை. கை இருக்கு, கோடு எதுக்கு?"

"எந்த விரல்? நிமித்தியா, படுக்க வெச்சா?"

"படுக்க வெச்சு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா."

ஆய்வாளர் எழுந்து போய் அளவுகோல் கொண்டுவந்தாள். அவளுடைய நாலு விரல்களையும் மேஜையில் சேர்த்து வைத்து அளந்தாள். எழுதினாள். எழுதியதைப் பார்த்துவிட்டு, "அப்போ இவ்வளவு குண்டா இருந்துச்சா கை?" என்றாள்.

"அப்போ கையே தெரியாது. கையுறை போட்டிருப்பேன். வெறுங்கையால அந்தக் குச்சியைத் தொட்டா தோல் அதோடயே வந்துடும்."

"எந்தக் கையுறை? இப்போ இருக்கற நீலமா?"

"அது அப்புறம் வந்தது. இது தோல் கையுறை. தடிமனா இருக்கும். ஆறு வருஷம் முன்னால வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்."

"வீட்டுல இருக்கா?"

அவள் யோசித்தாள். முகம் மாறியது. "வீட்டுல இல்ல. பஸ்ல இருக்கு."

பன்னிரண்டு இருபதுக்கு நிலையத்துக்கு எதிர் நிறுத்தத்தில் அவருடைய பேருந்து வரும். இருவரும் வெயிலில் நின்றார்கள். பேருந்து வந்ததும் எல்லோரும் ஏறினார்கள், இவர்கள் இருவரும் ஓட்டுநர் ஜன்னலுக்குப் போனார்கள்.

"என்னங்க, அந்தத் தோல் கையுறை எங்க?"

"எதுக்கு?"

"குடுங்க, சொல்றேன்."

"ரேடியேட்டர் மூடி திறக்கறதே அதாலதான். தர முடியாது."

"சார், ஒரே நிமிஷம், அளந்துட்டுத் தந்துடறோம்," என்றாள் ஆய்வாளர்.

அவர் கருவிப்பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். எஞ்சின் எண்ணெயில் கறுத்து, முதலையின் தோல் மாதிரி இருந்தது. வலது கை மட்டும். அவள் உள்ளே கையை விட்டாள். பதினெட்டு வருடம் போட்ட உறை. கை அதில் தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டது. பேருந்தின் பக்கத்தகட்டில் நாலு விரலையும் ஒட்டி வைத்தாள். ஆய்வாளர் அளவுகோலை வைத்தாள்.

பின்னால் இருக்கையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன டிரைவரே, வீட்டம்மாவுக்கு வளையல் அளவா?"

"ஆமா. எண்பது கிலோமீட்டர் வளையல்," என்றார் அவர். "சீக்கிரம் ஆகட்டும், நாலு நிமிஷம் லேட்டு."

ஒன்பது புள்ளி ஆறு சென்டிமீட்டர். ஒரு விரலுக்கு இரண்டு புள்ளி நாலு. ஆய்வாளர் மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் அதுவே. கையுறையைத் திருப்பித் தரவில்லை. ரேடியேட்டர் மூடி திறக்கக் கையுறை இல்லாமலே பேருந்து புறப்பட்டது.

படியேறி வரும்போது, இரண்டாம் மாடியில் அவள்தான் அதைச் சொன்னாள். "ஏம்மா, எவ்வளவு ஊத்தினேன்னு இப்போ தெரியும். ஊத்தினதால எவ்வளவு குளிர் குறைஞ்சுதுன்னு தெரியாது. மறுபடியும் அதே மாதிரி செஞ்சு பார்த்தா என்ன? அதே பழைய குடுவை இருக்கு. உள்ள ஒரு வெப்பமானியை விட்டுட்டு, அதே மாதிரி."

ஆய்வாளர் படியில் நின்றாள். "தப்பைத் திருப்பிச் செய்யணும்."

"எனக்குத்தான் அது மனப்பாடமாச்சே."

பத்து வாரம் செய்தார்கள். பெட்டிக்கு வழக்கம்போலப் புதிய நைட்ரஜன். பக்கத்து மேஜையில், பழைய குடுவையிலிருந்து இன்னொரு தொட்டி. அந்தக் குடுவையை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் நிரப்பினார்கள். லாரி ஓட்டுநருக்கு விஷயம் தெரிந்ததும் வருத்தப்பட்டார். "நான் சும்மா வாயை வெச்சுட்டு இருந்திருக்கலாம்." அடுத்த வாரம் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாடி அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

தப்பை ஒழுங்காகச் செய்வது கடினமாக இருந்தது. கை கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் அவளை அறியாமல் தொட்டிமேல் மூடியை வைத்துவிட்டாள்.

"அப்போ மூடினீங்களா?"

"இல்ல."

"அப்போ இப்பவும் மூடாதீங்க."

"கை கேக்க மாட்டேங்குது. இத்தனை வருஷ வேலையில, தப்பை ஒழுங்காச் செய்யலேன்னு என்னைத் திட்டின முதல் ஆளு நீதான்."

"திட்டலக்கா. சொல்றேன்."

"திட்டு, திட்டு. அன்னிக்குத் திட்டாம விட்டதுக்கும் சேர்த்து."

நாலாம் வாரம் மிச்சம் நீலமாக இருந்தது. இருவரும் தலையைச் சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள். அது அழகாகத்தான் இருந்தது. வெப்பமானி மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றது. ஆய்வாளர் எண்ணை எழுதிக்கொண்டாள். பிறகு, ஒரு கணம் யோசித்து, பக்கத்தில் ஒரு சின்னப் பூ வரைந்தாள்.

பத்து வாரத்துக்குப் பிறகு நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிகிரி கிடைத்தது. இத்தனை விரல் மீதி, இத்தனையாவது வாரம், ஆகவே இவ்வளவு குளிர் குறைவு. எட்டு வருடச் செவ்வாய்க்கிழமைகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். அவள் நோட்டைப் படித்தாள், ஆய்வாளர் கணினியில் ஏற்றினாள். ஓர் இடத்தில் அவள் நிறுத்தினாள். "இந்த வாரம் நான் இல்ல. மாமனார் தவறிட்டாரு."

"நீங்க செவ்வாய்க்கிழமை விட்டதே இல்லையே?"

"விடலை. ஊத்திட்டுத்தான் போனேன். மீதி பார்க்கலை. வெறும் 'ஊ' மட்டும் போட்டிருக்கேன்."

"பரவாயில்ல," என்றாள் ஆய்வாளர். "ஒரு வாரம் தெரியாதுன்னு எழுதிக்கலாம்."

மறுபடியும் நீளத்தாள் அச்சாகி நடைபாதையில் விரிந்தது. இந்த முறை அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தாள். பதினைந்தாம் வருடத்தில் நின்றாள். கோடு முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது.

"எவ்வளவு?"

"நாலு. ஆறு இறங்கணும், ரெண்டுதான் இறங்குச்சுன்னு சொன்னேனே, அதுல ரெண்டு உங்க குடுவை. மீதி ரெண்டு நிஜமாவே மேல இருக்கு." ஆய்வாளர் தாளின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் சொன்னதுல பாதி. ஆனா இந்தப் பாதியை இனி யாரும் அசைக்க முடியாது. போன தடவை நான் அப்படியே போய்ப் பேசியிருந்தா, வேற நிலையத்துலேர்ந்து யாராவது ஒருத்தர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாங்க. அத்தோட போயிருக்கும். பாதியும் போயிருக்கும்."

"அவங்க கதவைச் சாத்த மாட்டாங்களா?"

"திருத்தின கணக்கை அனுப்பிட்டேன். நேத்து பதில் வந்துடுச்சு. அடுத்த துள்ளல் முடியறவரைக்கும் பெட்டி இங்கதான்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "அப்போ தண்ணி நாலு இறங்குமா, மூணு இறங்குமான்னு பார்க்கணும். அதுக்குச் சுத்தமான நைட்ரஜன் ஊத்த ஆள் வேணும்."

அவள் ஓய்வுபெற இன்னும் ஏழு வருடம் இருந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். துள்ளல் வரும், போகும், சூரியன் மறுபடி அடங்கத் தொடங்கும். அதுவரை இருப்பாள்.

கட்டுரை கோடை முடிவில் வெளியானது. அவள் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் புரியவில்லை, ஆனால் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: ஒரு விரல் என்பது கையுறை அணிந்த நிலையில் இரண்டு புள்ளி நாலு சென்டிமீட்டர்.

"இது உன் விரலா?"

"ஆமா."

"கையுறை என்னோடது."

"அதைப் போடலை."

"போட்டிருக்கணும்," என்றார். நிஜமாகவே கொஞ்சம் வருத்தம்.

அதற்கு முன், கோடையின் நடுவில் ஒரு மாலை, ஆய்வாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, வெளியே வந்து வடக்கே பாருங்கள் என்றாள். வடக்கே கட்டடங்கள்தான் இருந்தன. அவளும் கணவரும் தெருமுனைவரை நடந்து, பேருந்துப் பணிமனையின் திறந்த வெளிக்குப் போனார்கள். சூரியன் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அடிவானத்துக்குச் சற்று மேலே, மற்ற மேகங்கள் கறுத்துப்போன பிறகும், மெல்லிய வெள்ளி அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன.

"இதுதானா?"

"இதுதான்."

"ரொம்ப மெலிசா இருக்கே," என்றார். "இதுக்கா இவ்வளவு?"

"அடுத்த வருஷம் இன்னும் மெலிசாகும். அப்புறம் சில வருஷம் இருக்கவே இருக்காது. அப்புறம் திரும்ப வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே ஊத்தறேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குடுவை லிஃப்டில் போனது. அவள் படியில் போனாள். பெட்டிக்குச் சூடு காட்டினாள், குளிர் காட்டினாள். தெர்மோகோல் தொட்டியில் மிச்சம் இருந்தது. குச்சியை விட்டு எடுத்தாள். உறைபனி பூத்திருந்தது. நீலக் கையுறைக் கையை வைத்துப் பார்த்தாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஓரத்துக்கு வந்து, மனசு கேட்காமல் ஒரு கணம் நின்றாள். பிறகு சாய்த்தாள். வெள்ளைப் புகை மாடி முழுக்க ஓடி, கைப்பிடிச் சுவர்த் துளைகள் வழியாகக் கீழே இறங்கியது. எதிர் ஜன்னலில் பிள்ளைகள் கூவினார்கள்.

அறைக்குள் போய்ப் புது நோட்டைத் திறந்து எழுதினாள்.

*மீதி 4 வி. கொட்டியாச்சு.*